திருப்பி நிறுத்திடு

அத்தியாயம் 9

காலையில் கதவைத் திறந்தேன். வண்டி மேட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

மறுபடியும்.

இந்தக் கதைக்குள் இன்றுதான் வந்து உட்கார்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். எங்கள் தெரு ஒரு சரிவு. எங்கள் வீட்டுப் பக்கம் வண்டிகள் இறக்கத்தில் போகும், எதிர்வரிசைப் பக்கம் ஏறும். அதனால் எங்கள் வாசலில் நிற்கிற காரின் மூக்கு பள்ளத்தைப் பார்க்க வேண்டும். பகலில் எப்படி நின்றாலும் கேட்பாரில்லை. இருட்டிய பிறகு போக்குவரத்துக்கு எதிராகத் திருப்பி நிறுத்தினால் குற்றம்.

என் கணவர் இருந்தவரை, ராத்திரியானால் எங்கள் கார் மேட்டைப் பார்த்துத்தான் நிற்கும். அதற்காக நான் அவரோடு சண்டை போடாத இரவுகள் குறைவு. அவர் போன பிறகு வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். வேலை முடிந்து வந்ததும் ஒழுங்காகப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். விடிந்தால் அது மேட்டைப் பார்க்கிறது.

சாவி என்னிடம். மாற்றுச் சாவி தொலைந்துவிட்டது என்று அவரே சொல்லியிருந்தார். வீட்டில் நான் ஒருத்தி. ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன், அப்படியே தூங்கிப்போனேன். அதுதான் போன வாரத்தோடு நின்ற கதை.

இன்றைக்குப் பின்சக்கரத்துக்கு அடியில் வழக்கம்போல ஒரு அரைச் செங்கல். இரண்டு வீடு தள்ளிக் கட்டட வேலை நடக்கிறது, பிள்ளைகள் விளையாட்டாகக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று நினைத்து நான் தினமும் காலால் தள்ளிவிடுவேன். இன்றைக்குத் தள்ளத் தோன்றவில்லை. முன்கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் மஞ்சள் தாள் ஒன்று படபடத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது எச்சரிக்கை. வண்டியை அசைக்கக் கூடாது. மாலையில் ஆய்வாளர் வருவார், நிறுத்தியவர் நேரில் இருக்க வேண்டும்.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மகன் வந்துவிட்டான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். கடை திறக்கிறதற்கு முன்னால் தினமும் ஒரு நடை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவான். பார்க்கிறதென்றால் நிஜமாகவே பார்ப்பான், கண் இமையைத் தூக்கிப் பார்க்காத குறை.

"என்னம்மா இது?"

"தெரியல."

"நேத்து எப்படி நிறுத்தினே?"

"பள்ளத்தைப் பார்த்து."

"நிச்சயமா?"

நேற்றைக்கு நிச்சயமாகத்தான் இருந்தது. அவன் கேட்டதும் இல்லாமல் போய்விட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை ஞாபகம் இருக்கிறது, எதிர்வீட்டுச் சுவர் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது நேற்றைய சுவரா, அதற்கு முந்தின நாள் சுவரா?

"அம்மா, கோபப்படாதே. போன மாசம் அடுப்பை அணைக்காம வேலைக்குப் போனே. அன்னிக்கு என்னைப் பார்த்து 'ஏங்க'ன்னு கூப்பிட்டே."

"அது வாய் தவறி வந்தது."

"காரு மட்டும் கை தவறித் திரும்புதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, முந்தின நாளே மனப்பாடம் செய்துகொண்டு வந்தவன் மாதிரிச் சொன்னான்.

"சாயங்காலம் அந்த ஆளுகிட்ட நான் பேசறேன். அப்பா போனதுலேருந்து அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லை, தெரியாம செஞ்சிட்டாங்கன்னு சொன்னா விட்டுடுவாங்க. நீ எங்களோட வந்துடு. வீட்டைப் பூட்டிடலாம்."

"பூட்டிட்டு?"

"பூட்டிட்டு... பார்த்துக்கலாம்."

எங்கள் குடும்பத்தில் 'பார்த்துக்கலாம்' என்றால் 'விற்றுவிடலாம்' என்று பொருள். பழைய மேசை, பழைய தையல் இயந்திரம் எல்லாம் அப்படித்தான் போயின.

"நான் நல்லாத்தான்டா இருக்கேன்."

"நல்லா இருக்கிறவங்க ராத்திரியில எழுந்து போய்க் காரைத் திருப்பிட்டு வந்து, காலையில யார் திருப்பினாங்கன்னு கேக்க மாட்டாங்கம்மா."

நான் திருப்பவில்லை என்று சொல்லலாம். ஆனால் தூக்கத்தில் நடக்கிறவளுக்குத் தான் நடந்தது தெரியுமா? அவன் கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன். 'ஒரு நாளைக்குத்தான்' என்று சொல்லிக்கொண்டே தன் பையில் போட்டுக்கொண்டான்.

பஸ் பிடித்து வேலைக்குப் போனேன்.

என் வேலை அச்சகத்தில் பிழை பார்ப்பது. புத்தகம் இல்லை, மருந்துப் பெட்டிகள். எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, குலுக்கியா குலுக்காமலா என்று அட்டையில் ஓடுகிற பொடி எழுத்தையெல்லாம் அச்சுக்குப் போகும் முன் படித்துக் கையெழுத்துப் போடுவேன். இங்கே ஒரு எழுத்து தப்பினால் யாரோ ஒருவர் வயிற்றுக்குள் தப்பு போகும். அதனால் என் கையெழுத்துக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு.

அன்றைக்கு இருமல் மருந்துப் பெட்டி ஒன்றைப் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பக்கம் வடிவமைக்கிற பெண் அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் உட்கார்ந்தாள்.

"அக்கா, இதைக் குழந்தைகளுக்கு எட்டாவது இடத்தில் வைக்கணுமாம்."

"என்னது?"

"எட்டாவது இடம். முதல் ஏழு இடத்துல யாரை வைக்கிறதுன்னு கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். 'எட்டாத' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'எட்டாவது'. கீழே என் கையெழுத்து, சுழி உட்பட என்னுடையதேதான்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "விடுங்கக்கா. நான்தான் பிடிச்சிட்டேனே. யாருக்கும் சொல்லல."

யாருக்கும் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படியானால் இது சொல்லக்கூடாத விஷயமாகிவிட்டது. மகன் சொன்னது சரியோ? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டால்கூடக் கையால் தடவி நடக்கலாம். எனக்கு என் கைமேலேயே நம்பிக்கை போய்விட்டது.

மத்தியானம் அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பினேன். மகன் இந்த உலகத்தில் ஒருத்தர் பேச்சைத்தான் தட்டமாட்டான், அவன் அத்தை பேச்சை. என் கணவருக்கு அக்கா, எனக்கு நாத்தனார், நான் கூப்பிடுவது அண்ணி என்று. 'அவள் வீட்டிலேயே இருக்கட்டும்டா' என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆனால் அண்ணிக்கும் எனக்கும் இடையில் பேச்சு அறுந்து போயிருந்தது. என் கணவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்றைக்கு அண்ணி என்னிடம் சொல்லாமலே கூட்டிப் போனார். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேரும்போது அவருக்குப் பேச்சு நின்றிருந்தது. அடுத்த சில நாட்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன், அவ்வளவே. எல்லாம் முடிந்த அன்று அண்ணி வாசலில் நின்று, 'இந்தக் காரை இனிமே கண்ணால பார்க்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணிக்குப் பஸ் டிப்போவில் வேலை. பயணிகளோடு ஓட்டுகிற வேலை இல்லை. ஓடி முடித்து வருகிற பஸ்களைக் கழுவும் இடத்துக்கும் பழுது பார்க்கும் இடத்துக்கும் கொண்டுபோய், பிறகு ஒன்றை எடுத்தால் இன்னொன்று இடிக்காதபடி வரிசையில் அடுக்குகிற வேலை. மத்தியானம் போனால் நடுராத்திரிக்கு மேல்தான் வருவார்.

"அக்காவைப் பார்க்கவா?" என்றார் கேட்டில் இருந்தவர். "இப்படி ஓரமா நில்லுங்க. எங்க அக்கா கையில ஸ்டியரிங் குடுத்தா குளியலறைக்குள்ளகூட பஸ்ஸைத் திருப்பும்."

ஆரஞ்சு மேலுடுப்போடு அண்ணி ஒரு நீண்ட பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பஸ்களுக்கு நடுவே காகிதத்தை உறைக்குள் செருகுகிற மாதிரி அது போய் நின்றது. இறங்கி வந்தார். குனிந்து, தரையில் கிடந்த ஒரு மரக்கட்டையை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் காலால் உதைத்து இறுக்கினார்.

அந்த வரிசையில் இருந்த பஸ்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கட்டை இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அண்ணி என்னைப் பார்த்துவிட்டார். "என்ன இந்தப் பக்கம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு வேறு. வாயில் வந்தது இது: "அண்ணி, அந்தச் செங்கல் நீங்க வைக்கிறதா?"

"பின்ன? அந்தச் சரிவுல அண்டை குடுக்காம வெறும் பிரேக்கை நம்பி விட்டுட்டு வரச் சொல்றியா? உருண்டுதுன்னா கீழ்வீட்டுக்காரன் கட்டிலோட..."

அங்கே நின்றது பேச்சு. அண்ணியின் கை மெதுவாக வாய்க்குப் போனது.

எங்களைத் தாண்டி ஒரு பஸ் போயிற்று. அதன் சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"எப்போலேருந்து?"

"அவனை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிலேருந்து."

"சாவி?"

மேலுடுப்பின் உள்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். தொலைந்துபோன மாற்றுச் சாவி. "எங்கிட்டதான் குடுத்து வச்சிருந்தான். முடியாத நாள்ல நான் வந்து ஓட்டணும்னு."

"என்ன முடியாத நாள்?"

"முட்டி. மடங்கவே இல்லையே அவனுக்கு. மேட்டைப் பார்த்து நின்னா டிரைவர் கதவு நடைபாதைப் பக்கம் வரும். வாசல்லேருந்து வந்து அப்படியே சீட்டுல சாஞ்சிடலாம். பள்ளத்தைப் பார்த்து நின்னா வண்டியைச் சுத்திக்கிட்டு, நடைபாதையிலேருந்து ரோட்டுல இறங்கி... உங்கிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"நீ பயந்துப்பேன்னு விட்டிருப்பான்" என்றார் அண்ணி. என்னைப் பார்க்காமல் ஒரு டயரைப் பார்த்துச் சொன்னார்.

எத்தனை இரவுகள் அந்த வாசலில் நின்று 'உங்களுக்குச் சட்டம் தெரியாதா' என்று கேட்டிருப்பேன். ஒரு முட்டி மடங்கவில்லை என்று என்னிடம் சொல்ல அவருக்கு என்ன தடை? குழப்பம் தீரும் என்று வந்தவளுக்குக் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது.

"சரி. அவர் போனதுக்கப்புறம் எதுக்கு அண்ணி?"

"அவன் சொன்னான்."

"எப்போ?"

"உள்ள தள்ளிட்டுப் போறாங்க. என் கையைப் பிடிச்சான். 'அக்கா, வண்டியைத் திருப்பி நிறுத்திடு'ன்னான். அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் அவன் பேசவே இல்லையே."

திருப்பி நிறுத்திடு.

என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. "அப்போ காரு எங்க நின்னுது?"

"ஆம்புலன்ஸ் வர்ற வழியில, குறுக்கே. காவலாளி கத்திக்கிட்டு இருந்தான்."

"அப்போ அங்கேயே திருப்பி ஓரமா நிறுத்துன்னு சொல்லியிருக்கலாம்."

அண்ணி முகம் மாறியது. "இல்ல."

"இல்லைன்னா, வீட்டுக்குக் கொண்டுபோய் எடுத்த இடத்துலயே திருப்பி விட்டுடுன்னு..."

"ஏம்மா, வார்த்தையைப் போட்டு அறுக்காதே. இது உன் மருந்துப் பெட்டி இல்ல. நான் திரும்பி வருவேன், வந்தா ஏறணும், அதுக்குத் தோதா மேட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்துன்னு சொன்னான். எனக்குத் தெரியாதா அவனை?"

"தெரியும் அண்ணி" என்றேன்.

எனக்குத் தெரியவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் தெரியாது. மூன்று பக்கம் திரும்புகிற ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எந்தப் பக்கம் என்று கேட்க ஆள் இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? அவன் கடைசியாப் பேசினது எங்கிட்ட. அதுவும் காரைப் பத்தி. உனக்குன்னு ஒண்ணும் சொல்லல. அதைக் கொண்டுவந்து உன் முன்னால வைக்க எனக்கு வாய் வரல." அண்ணி மேலுடுப்பு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போதும், இன்னியோட நிறுத்திடணும்னு தினமும் நினைப்பேன். ஷிஃப்ட் முடிஞ்சு நடந்து வரும்போது உன் வாசல்ல அது பள்ளத்தைப் பார்த்து நிக்கும். வண்டியை நிறுத்தத் தெரியுது. நிறுத்துறதை நிறுத்தத் தெரியல."

மஞ்சள் தாளைப் பற்றிச் சொன்னேன். மகன் சொன்னதையும் சொன்னேன், வீட்டைப் பூட்டுவது, பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும். அண்ணிக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. கேட்கக் கேட்க டிப்போச் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: வெளியில் ஒரு குற்றம் பதிவானாலும் இங்கே ஸ்டியரிங் கிடையாது.

"சாயங்காலம் நான் வரேன்" என்றார். "வந்து நான்தான்னு சொல்லிடறேன். உன்னை எவன் புத்தி கெட்டவள்னு சொல்றது?"

"உங்க வேலை?"

"போனா போகுது. அதுக்கென்ன கட்டை போட்டு நிறுத்தவா முடியும்?"

சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். இந்தத் தடவை அது முதல் முயற்சியில் உள்ளே போகவில்லை. முன்னும் பின்னுமாகத் தடுமாறி நின்றது. கேட்டில் இருந்தவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும்போது வெயில் தணிந்திருந்தது. மகன் காரின்மேல் சாய்ந்துகொண்டு நின்றான். ஆய்வாளர் ஏற்கெனவே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு டார்ச்.

"இங்க வந்து பாருங்கம்மா" என்று என்னைக் காரின் முன்பக்கம் கூப்பிட்டு, மூக்கின்மேல் டார்ச்சை அடித்தார். "ஏதாவது மின்னுதா?"

"இல்லை."

பின்னால் போய் அடித்தார். இரண்டு சிவப்புப் பட்டைகள் பளிச்சென்று கண்ணைத் திறந்தன.

"இதுதான் விஷயம். விளக்கை அணைச்சிட்டு நிக்கிற வண்டிக்கு ராத்திரியில இருக்கிற கண்ணு பின்னாலதான். இந்தப் பக்கமா இறங்கி வர்றவனுக்கு இந்தச் சிவப்பு தெரியணும். நீங்க மூக்கைக் காட்டி நிறுத்தினா, அவனுக்கு இது வண்டி இல்ல, இருட்டு. சைக்கிள்ல வர்றவன் நேரா வந்து மோதுவான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அப்படி மோதின யாரையோ தூக்கிப் பார்த்தவர் மாதிரிச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்தார். "நிறுத்தினது யாரு?"

மகன் முந்திக்கொண்டான். "சார், எங்கப்பா போனதுலேருந்து அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம்..."

அப்போதுதான் அண்ணி மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மேலுடுப்பைக் கழற்றவில்லை. மூச்சு வாங்கியது. ஆய்வாளர் எதிரில் வந்து நின்று, "சார், அது..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியாம நடந்துபோச்சா?" ஆய்வாளரின் பேனா அந்தப் பதிலை எழுதத் தயாராகவே இருந்தது. "தெரியாமன்னா டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிக் குடுத்தாப் போதும், எச்சரிக்கையோட போயிடும். தெரிஞ்சு செஞ்சதுன்னா உங்க லைசென்ஸை நான் இப்பவே வாங்கிட்டுப் போகணும். எப்போ திரும்பக் கிடைக்கும்னு எனக்கே தெரியாது."

மகன் என் முழங்கையைத் தொட்டான். தெரியாம என்று சொல்லும்மா என்கிற தொடுகை. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் லைசென்ஸ் தங்கும், வீடு போகும். டாக்டர் கையால் எழுதி வாங்கிய பிறகு, என் கையெழுத்தை அச்சகத்தில் யார் நம்புவார்கள்?

"தெரிஞ்சேதான் நிறுத்தினேன்."

"ஏம்மா..." என்றார் அண்ணி.

"நீங்க சும்மா இருங்க அண்ணி. இது எனக்கும் உங்க தம்பிக்கும் உள்ள விஷயம்."

கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது ஆய்வாளருக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அதிலிருந்த என் பழைய புகைப்படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இனிமே இப்படிச் செய்யாதீங்க. முதல்ல இதைத் திருப்பி நிறுத்துங்க."

அண்ணியும் நானும் ஒரே சமயத்தில் அவரை நிமிர்ந்து பார்த்தோம். அவர் மிரண்டுபோனார். "என்ன? தப்பா எதுவும் சொல்லிட்டேனா?"

"இல்லைங்க. நீங்க சொன்னது தெளிவா புரிஞ்சுது" என்றேன்.

மகன்தான் திருப்பினான். அவனுக்கு நன்றாக ஓட்ட வரும், ஆனால் எங்கள் தெரு குறுகல். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், நடைபாதையில் ஒரு இடி. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், அவர் கைகள் மட்டும் காற்றில் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒருவழியாகக் கார் பள்ளத்தைப் பார்த்தது. ஆய்வாளர் தலையசைத்துவிட்டுப் போனார்.

மகன் இறங்கி வந்தான். சாவி அவன் கையில்தான் இருந்தது.

"தெரிஞ்சே செஞ்சியா?"

"ஆமா."

"அப்போ காலையில ஏன் தெரியலன்னே?"

"காலையில சொல்லப் பிடிக்கல."

"ஏன்மா செஞ்சே?"

"உங்கப்பாவுக்கு முட்டி மடங்கல. மேட்டைப் பார்த்து நிறுத்தினா நடைபாதையிலேருந்தே ஏறிடலாம். அவருக்குத் தோதா இருக்கும்னு அந்தப் பழக்கத்தை விட முடியல." மத்தியானம் தெரிந்துகொண்டதை, பல வருடம் தெரிந்தவள் மாதிரிச் சொன்னேன். அண்ணி தரையைப் பார்த்தபடி நின்றார்.

மகன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"முட்டியா?"

"ஆமா, முட்டி."

"முட்டிக்கு என்ன? அப்பாவுக்குக் கண்ணும்மா. ஒரு பக்கம் மறைக்குதுன்னு கடைக்கு வந்தாரு. நான்தான் பார்த்தேன். ராத்திரியில எதிர்ல வர்ற வெளிச்சம் பட்டா அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியாது அவருக்கு. மேட்டைப் பார்த்து நிறுத்தினாத்தான் காலையில வண்டியை எடுக்கும்போது எதிர்ல வர்றது நல்ல கண்ணுக்குத் தெரியுதுன்னாரு. ஓட்டக்கூடாதுன்னு சொன்னேன். 'சரிடா, ஓட்டல'ன்னாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"எப்போ?" அண்ணியின் குரல் வேறு மாதிரி இருந்தது. "எப்போ வந்தான் உன் கடைக்கு?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடி அத்தை. ஏன்?"

"அப்போ அன்னிக்கு..."

அண்ணி முடிக்கவில்லை. "ஷிஃப்ட் நடுவுல வந்தேன்" என்று யாரிடமோ சொல்கிறமாதிரிச் சொல்லிவிட்டு மேட்டில் ஏற ஆரம்பித்தார். 'அத்தை' என்று மகன் கூப்பிட்டது கேட்டிருக்கும். திரும்பவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அக்காவிடம் முட்டி. மகனிடம் கண். ஒரே மனிதர், ஒரே கார்.

"உங்கிட்ட என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டான் மகன். காலையில் கேட்ட குரல் இல்லை. அப்பாவைப் பற்றித் தெரியாத ஒன்றைக் கேட்கிற குரல்.

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் இரவில் நான் வாசலுக்கு வந்து சத்தம் போடுவேன். அவர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வார். தோளில் கையைப் போட்டபடியே உள்ளே வருவார்.

"'சரியா நிறுத்தினா நீ வாசலுக்கு வரமாட்டியே'ன்னாரு."

மகன் என் கையை எடுத்து, சாவியை அதில் வைத்து, விரல்களை மூடினான். துணிமணி எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. பூட்டலாம் என்று சொல்லவில்லை.

"நாளைக்கு வரேன்மா" என்றான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். வீடு எனக்குத் தங்கிவிட்டது. என் புத்தியும் தங்கிவிட்டது, கொஞ்சம் கசங்கி. ஆனால் அண்ணி பாதியில் விட்டுப்போன அந்த 'அன்னிக்கு' மட்டும் மீதி நின்றது. எந்த அன்றைக்கு? எதைக் கணக்குப் போட்டு அண்ணியின் குரல் அப்படி மாறியது?

கார் இருக்கிறது. சாவி இருக்கிறது. ஓட்டத்தான் எனக்கு உரிமை இல்லை.

கதவைச் சாத்திவிட்டு, டிப்போவை நோக்கி மேட்டில் நடக்க ஆரம்பித்தேன்.